பவுடர் ஸ்டீல் கத்தரி: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும், முடிதிருத்துநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆவணியில் ஒரு தம்பி தன் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். 6 இஞ்ச், ஜப்பானியத் தயாரிப்பு, பவுடர் ஸ்டீல், அதாவது எஃகைப் பொடியாக்கி மறுபடி அமுக்கிக் கட்டியாக்கிய ரகம். வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. "நாலு வருஷம் சாணையே வேண்டாம்னு சொல்லித்தான் வித்தாங்க அண்ணா. ஆறாவது மாசமே முடியை மடிக்க ஆரம்பிச்சுது. பக்கத்துல ஒருத்தர்கிட்ட சாணை பிடிச்சேன். அப்புறம் சுத்தமா போச்சு" என்றார்.

லென்ஸின் கீழே வைத்துப் பார்த்தேன். குவிந்து வழவழப்பாக இருக்க வேண்டிய வாய், அதாவது வெட்டும் ஓரம், கல் சக்கரத்தில் சாய்த்துப் பிடித்ததில் பட்டையாகச் சீவப்பட்டிருந்தது. நுனியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை ஓரம் வைக்கோல் நிறத்தில் மங்கியிருந்தது. சூட்டில் பதம் போனதற்கு அடையாளம் அது. போதாததற்கு உள்பக்கக் குழிவையும் தேய்த்துத் தட்டையாக்கியிருந்தார்கள். அந்தத் தம்பி இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய கத்தரி அது.

சலூன் கத்தரிகளைத் தீட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரி கத்தரி வருகிற ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவுடர் ஸ்டீலில் கத்தரி வாங்க நினைத்தால், அதைத் தீட்டத் தெரிந்தவரை முதலில் தேடுங்கள். கத்தரியை அப்புறம் தேடலாம். ஏன் அப்படி என்பது அந்த எஃகு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் தானாகவே விளங்கும்.

படி 1: எஃகுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரும்போடு கார்பனும் குறைந்தது 10.5% குரோமியமும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகு. கத்தரிக்கு வேண்டிய கடினம் கார்பனால் வருகிறது. கார்பன் கூடும்போது அதில் ஒரு பகுதி குரோமியத்தோடும் வனேடியத்தோடும் சேர்ந்து, கார்பைடு என்ற மிகக் கடினமான பருக்கைகளாக எஃகுக்குள் உட்கார்ந்துகொள்ளும். தேய்மானத்தைத் தாங்குவது இந்தப் பருக்கைகள். ஆனால் அவை என்ன அளவில், எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் வாய் எவ்வளவு மெல்லியதாக நிற்கும் என்பது.

வழக்கமான முறையில் உருக்கிய எஃகை அச்சில் வார்க்கிறார்கள். பெரிய வார்ப்பு உள்வரை ஆற மணிக்கணக்காகும். ஆறுவது தாமதமாகத் தாமதமாக, கார்பனும் குரோமியமும் கடைசியாக உறைகிற இடங்களில் ஒதுங்கிப் பெரிய பெரிய கார்பைடுகளாகக் கட்டிக்கொள்ளும். பிறகு அடித்து உருட்டி உடைத்தாலும், 440சி போன்ற வழக்கமான கத்தரி எஃகில் 20, 30 மைக்ரான் பருக்கைகள் வரிவரியாக மிஞ்சுவது உண்டு. (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான்தான். நன்றாகத் தீட்டிய வாயின் நுனி ஒரு மைக்ரானுக்கும் கீழே. அந்த நுனியில் 30 மைக்ரான் பருக்கை ஒன்று வந்து நின்றால் என்ன ஆகும்? ஜல்லி போட்ட கான்கிரீட்டில் கத்திபோல ஒரு ஓரம் எடுத்துப் பாருங்கள். ஜல்லி பெயர்ந்து பள்ளம் விழும். சலித்த மணலில் குழைத்துப் பூசினால் ஓரம் நிற்கும்.

அந்தச் சலித்த மணல்தான் பவுடர் ஸ்டீல். உருகிய எஃகை மெல்லிய தாரையாக விழவிட்டு, அதன்மேல் நைட்ரஜன் வாயுவை மிகுந்த வேகத்தில் பாய்ச்சுகிறார்கள். தாரை சிதறி நுண்ணிய துளிகளாகி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உறைந்துவிடுகிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வார்ப்பு. கார்பன் ஒதுங்கிப் போய்க் கட்டிக்கொள்ள அங்கே நேரமே இல்லை. அந்தப் பொடியைச் சலித்து, எஃகு உறையில் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, வாயைப் பற்றவைத்து மூடுகிறார்கள். பிறகு அந்த உறையை 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டில், ஏறக்குறைய 1,000 வளிமண்டல அழுத்தத்தில், எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராக அமுக்குகிறார்கள். பொடி உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி, நுண்துளை ஒன்றுகூட இல்லாத முழுக்கட்டியாகிவிடும். அதன் பிறகு மற்ற எஃகைப் போல அடிக்கலாம், உருட்டலாம். இந்தக் கட்டியில் கார்பைடுகள் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மைக்ரான் அளவில், மாவில் உப்புப்போல எங்கும் சீராக இருக்கும்.

1970 வாக்கில் அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனமும், ஸ்வீடனில் ஆசேயா, ஸ்டோரா நிறுவனங்களும் இந்த முறையை வணிகத்துக்குக் கொண்டுவந்தன. டிரில், மில்லிங் கட்டர் போன்ற இயந்திரக் கருவிகளுக்கான எஃகுதான் அப்போதைய நோக்கம். கத்திக்கும் கத்தரிக்கும் அது பின்னால் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. உலகம் வியந்த தென்னிந்திய உருக்கு, கொடுமணல் போன்ற இடங்களில் மூசை என்ற மண் கலத்தில் வைத்து உருக்கி எடுத்தது. அந்த வகை உருக்கில் அடித்த வாள்களின் மேல் நீரலைபோல ஓடும் கோலம் கார்பைடுகள் வரிவரியாகத் திரண்டதால் வருவது. வாளுக்கு அது அழகு, வலிமையும்கூட. தலைமுடி வெட்டும் மெல்லிய வாய்க்கோ அதே வரிகள்தான் பகை. ஒரே பொருள், வேலைக்கு ஏற்ப அதன் குணம் வரமாகவும் சுமையாகவும் மாறுகிறது.

முடி போன்ற மெத்தென்ற பொருள் எஃகை எப்படிக் கெடுக்கும் என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செம் தாஷான் குழுவினர் சவர பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து இதை ஆராய்ந்து, 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பிளேடைவிட முடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் வாயில் சில்லு பெயர்கிறது. முடி நேராக நிற்காமல் வளைந்து சாய்வாக வாயில் படும்போதும், அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பு சீரற்றதாக இருக்கும்போதும், ஒற்றை முடியே விளிம்பைப் பெயர்த்துவிடுகிறது. அவர்கள் பார்த்தது சவர பிளேடுதான், கத்தரி இல்லை. ஆனால் ஸ்லைடு கட் செய்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். பாதி திறந்த கத்தரியை முடியில் வழுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு முடியும் வளைந்து, சாய்ந்துதான் வாயில் படுகிறது. சீரான எஃகுக்கு அங்கேதான் மதிப்பு.

படி 2: கத்தரிமேல் பொறித்திருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'பவுடர்' என்ற சொல்லைச் சந்தையில் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, மேலே சொன்ன உண்மையான பவுடர் ஸ்டீல். இரண்டு, பொடியை அச்சில் அமுக்கியோ பிசினோடு கலந்து அச்சுக்குள் பீய்ச்சியோ சூளையில் சுட்டு எடுக்கும் உதிரிப் பாகம். அதுவும் தூள் உலோகவியல்தான், ஆனால் அதில் நுண்துளைகள் மிஞ்சலாம், கத்தரியின் வாய்க்கு ஆகாது. மூன்றாவது, பவுடர் கோட்டிங். கைப்பிடிக்குக் கருப்பு, சிவப்பு நிறம் தரும் பூச்சு, அவ்வளவே. 'பவுடர் கோட்டட்' என்ற பெட்டியைக் காட்டி 'பவுடர் ஸ்டீல்தான் சார்' என்று சொன்ன கடைக்காரரை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவர் ஏமாற்றவில்லை, அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. 'நானோ' என்ற சொல்லையும் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பைடுகள் மைக்ரான் அளவில் இருப்பவை.

அதனால் எஃகின் பெயரைக் கேளுங்கள். ஜப்பானில் ஃபுகுயி மாகாணத்தின் தகேஃபு நிறுவனம் தரும் எஸ்.ஜி.2 நல்ல உதாரணம். கார்பன் 1.25 முதல் 1.45%, குரோமியம் 14 முதல் 16%, மாலிப்டினம் 2.3 முதல் 3.3%, வனேடியம் 2% அளவில். ஸ்வீடனின் டமாஸ்டீல் தரும் ஆர்.டபிள்யூ.எல்.34-இல் கார்பன் 1.05%, குரோமியம் 14%, மாலிப்டினம் 4%. வனேடியம் மிகக் குறைவு என்பதால் தீட்டச் சுலபம். ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்தின் எம்.390-இல் கார்பன் 1.9%, குரோமியம் 20%, வனேடியம் 4%. கத்திக்காரர்கள் கொண்டாடும் எஃகு இது. ஆனால் தீட்டுவதற்குள் போதும் போதும் என்று ஆக்கிவிடும்.

அதே தகேஃபுவின் வி.ஜி.10 பவுடர் ஸ்டீல் இல்லை. 1% கார்பன், 15% குரோமியம், கொஞ்சம் கோபால்ட் சேர்ந்த, வழக்கமான முறையில் வார்த்த நல்ல எஃகு. அதைப் பவுடர் என்று சொல்லி விற்றால் விலகிவிடுங்கள். 'ஹிட்டாச்சி' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பியும் வாங்க வேண்டாம். ஷிமானே மாகாணத்தின் யசுகியில் அந்த எஃகுகளைச் செய்துவந்த ஹிட்டாச்சி மெட்டல்ஸ் 2023 ஜனவரியில் புரோட்டீரியல் என்று பெயர் மாறிவிட்டது. எஃகின் ரகம் சொல்லாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்வது, 'நெல்லூர்க்காரர் கடை அரிசி' என்று சொல்வது மாதிரி. பொன்னியா, ஐ.ஆர்.8-ஆ என்று தெரியாது.

குரோமியம் அதிகம் என்றால் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. இசட்.டி.பி.-189 என்ற பவுடர் ஸ்டீலில் குரோமியம் 20%. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கார்பனும் 3%. அந்தக் கார்பன் குரோமியத்தில் பெரும்பகுதியைக் கார்பைடாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். நாள் முழுக்க ஈரமுடி வெட்டுகிறவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

கடினம் ராக்வெல் 'சி' அளவில் 60 முதல் 63-க்குள் இருந்தால் கத்தரிக்குப் போதும். ஜெர்மனியின் சோலிங்கன் கத்தரிகளில் நிறைய 56, 58 என்று வரும், 440சி 58 முதல் 60 வரை. எண் பெரிதாக இருந்தால் கத்தரியும் உயர்ந்தது என்று நினைக்காதீர்கள். 64, 65 என்று விளம்பரம் செய்கிறவரிடம், தவறிக் கீழே விழுந்தால் நுனி என்ன ஆகும் என்று கேளுங்கள். எஃகுக்குப் பதம் ஏற்றியவர் கைதான் முக்கியம். உயர்சூட்டில் ஏற்றி, குளிர்வித்து, பூச்சியத்துக்கு வெகு கீழே உறையவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தும் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் உலகின் சிறந்த எஃகும் உடையும் அல்லது மடியும்.

படி 3: உங்களுக்கு இது வேண்டுமா என்று யோசியுங்கள்

இப்போதுதான் தொழில் கற்கிறீர்கள் என்றால் வேண்டாம். 440சி அல்லது வி.ஜி.10 போதும். கத்தரி கீழே விழுகிற வயது அது. சீப்பின்மேல் வைத்து வெட்டும் வேலையே அதிகம் என்றாலும் வேண்டாம். 7 இஞ்ச் கத்தரியில் சோலிங்கன் மாதிரி மென்மையான எஃகு, நுண்ணிய பற்கள் வெட்டிய வாயோடு, அந்த வேலைக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும். முடியின் அடர்த்தியைக் குறைக்கும் தின்னிங் சிசரில் பவுடர் ஸ்டீல் காசு வீண் என்பது என் கருத்து.

உலர்ந்த முடியில் நுனியால் கொத்தி வெட்டும் பாயிண்ட் கட், ஸ்லைடு கட் என்று நாள்தோறும் வேலை செய்கிறீர்கள், ஒரே கத்தரியை வருடக்கணக்கில் கவனமாக வைத்திருக்கும் கை உங்களுக்கு உண்டு என்றால், வாங்குங்கள். வித்தியாசம் முதல் நாளில் தெரியாது. புதிதாகத் தீட்டிய 440சி-யும் புதிய பவுடர் ஸ்டீலும் கையில் ஒன்றுபோலத்தான் ஓடும். நாலாவது, ஐந்தாவது மாதம் ஆகும்போது 440சி முடியைத் தள்ள ஆரம்பிக்கும், இது இன்னும் வெண்ணெயில் போவது போலப் போகும். அதற்காகத்தான் அந்த விலை.

படி 4: தீட்டுகிறவரைத் தேடுங்கள்

உயர்ரகக் கத்தரியின் வாய் குவிந்து இருக்கும். கிளிஞ்சல் ஓட்டின் முதுகைத் தடவினால் எங்கேயும் விளிம்பு தட்டாமல் வளைந்து இறங்குமே, அப்படி. ஜப்பானில் இதன் பெயரே கிளிஞ்சல் வாய், ஹமாகுரி-பா. அலகின் உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் ஓரத்தில், வாயை ஒட்டி, ஒரு மெல்லிய தட்டைக் கோடு பளபளக்கும். கத்தரி மூடும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று தொடுவது அந்தக் கோட்டில்தான். இந்த மூன்றும், அதாவது வெளிக்குவிவு, உட்குழிவு, உரசுகோடு, அப்படியே காப்பாற்றப்பட வேண்டும். தெருவில் சக்கரம் மிதித்துக்கொண்டு வரும் சாணைக்காரர் நம் அரிவாள்மனைக்கும் தையல் கத்தரிக்கும் நல்ல வேலை செய்கிறார், அவர் கையில் நானும் கற்றிருக்கிறேன். ஆனால் அந்தச் சக்கரம் இந்த வாய்க்கு இல்லை. அது நேர்ப்பட்டையாகத்தான் சீவும்.

சூடு அடுத்த ஆபத்து. கத்தரிக்கான பவுடர் ஸ்டீல்களைப் பெரும்பாலும் 200 டிகிரி அளவில் அல்லது அதற்குக் கீழே பதப்படுத்துகிறார்கள். தண்ணீர் இல்லாத வேகமான சக்கரத்தில் வாயின் நுனி அந்தச் சூட்டை நொடியில் தாண்டிவிடும். துருப்பிடிக்காத எஃகு நிறம் மாற அதைவிட அதிகச் சூடு வேண்டும். அதாவது மஞ்சள் நிறம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது பதம் எப்போதோ போயிருக்கும். அந்தத் தம்பியின் கத்தரியில் நான் பார்த்த வைக்கோல் நிறம் அதுதான்.

மூன்றாவது, கல். வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினா கல்லைவிடக் கடினமானது. எஸ்.ஜி.2 மாதிரி 2% வனேடியம் உள்ளதை நல்ல தண்ணீர்க் கற்களில் பொறுமையாகத் தீட்டிவிடலாம். எம்.390 மாதிரி 4% என்றால் வைரக்கல்தான். அலுமினாவில் தேய்த்தால் சுற்றியிருக்கும் எஃகு தேயும், கார்பைடு தேயாது. வாய் கூராக இருப்பது போலத் தெரியும், இரண்டு வாரத்தில் போய்விடும்.

நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், தீட்டுகிறவரிடம் நீங்கள் கேட்டுப் பார்க்க உதவும். முதலில் ஸ்க்ரூவைக் கழற்றி இரண்டு அலகையும் பிரிப்பேன். உட்புறத்தை 40 மடங்கு லென்ஸில் பார்ப்பேன், உரசுகோடு ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்று. பிறகு வெளிப்பக்கம். வாயோரத்தில் மையை மெல்லப் பூசி, 1,000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைஸாகும்), தண்ணீர் நிற்க நிற்க, மணிக்கட்டைச் சுழற்றி ஒரு இழுப்பு. மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. குவிவு முழுக்க மை ஒரே சீராக அழியும்வரை கையைச் சரிசெய்வேன். அடுத்து 3,000, கடைசியாக 8,000. அலகின் மறுபக்கம் ஒரு பிசிறு எழும், விரலால் தடவினால் லேசாகத் தட்டும். அந்தப் பிசிறை எடுக்க உள்பக்கத்தை மிக நைஸான கல்லில் படுக்கவைத்து, இரண்டோ மூன்றோ இழுப்பு. அதற்குமேல் ஒரு இழுப்புகூட இல்லை. உள்பக்கம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும், அந்தத் தேய்மானத்துக்குத் திரும்ப வழி கிடையாது. ஒரு கத்தரிக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

தட்டையான சுழல்வட்டில் ஈரமாகத் தீட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்களும் அருமையாகச் செய்கிறார்கள். இயந்திரமா கையா என்பது பிரச்சினையே இல்லை. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அலகைப் பிரித்துத் தீட்டுவீர்களா, உள்பக்கத்தை எதில் எடுப்பீர்கள், கல்லில் தண்ணீர் உண்டா. பத்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் ஊரில் யாரும் இல்லையென்றால், வாங்கும் கடையே தயாரிப்பாளரிடம் அனுப்பித் தீட்டித் தருமா, எத்தனை நாளாகும் என்று எழுத்தில் கேளுங்கள். அத்தனை நாள் வேலை நடக்க இன்னொரு கத்தரி வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

படி 5: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

அலகின் நீளம் உங்கள் நடுவிரலோடு ஒத்துப்போகிறதா, கட்டைவிரல் வளையம் வசதியா என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே, அதை விட்டுவிடுகிறேன். பவுடர் ஸ்டீலுக்கென்று பார்க்க வேண்டியது கைப்பிடி சேரும் இடம். விலை காரணமாகவும், கைப்பிடி அத்தனை கடினமாக இருக்கத் தேவையில்லை என்பதாலும், நிறையத் தயாரிப்பாளர்கள் அலகை மட்டும் பவுடர் ஸ்டீலில் செய்து, மென்மையான துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியோடு பற்றவைக்கிறார்கள். அது மோசடி இல்லை, நல்ல முறைதான். ஒட்டு சுத்தமாக, பள்ளமோ கருப்புப் புள்ளியோ இல்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

அடுத்து, ஒரு வளையத்தைப் பிடித்து நுனியை மேலே நீட்டி, இன்னொரு அலகை 90 டிகிரிக்குத் திறந்து விட்டுவிடுங்கள். அது மெதுவாக இறங்கி, மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போது நிற்க வேண்டும். விழுந்து மூடிக்கொண்டால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். இறங்கும்போது கையில் ஒரு சொரசொரப்பும் தட்டக்கூடாது.

டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, நுனிவரை ஒரே வெட்டில் வெட்டிப் பாருங்கள். மடியாமல், இழையாமல் நுனி கடைசிவரை வெட்ட வேண்டும். எழுதும் தாளில் மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டாம். அதில் வழவழப்புக்காகச் சேர்க்கும் களிமண்ணும் சுண்ணாம்பும் வாய்க்கு உப்புத்தாள் மாதிரி.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. பவுடர் ஸ்டீலில் காந்தம் ஒட்டும், 440சி-யிலும் ஒட்டும். அதனால் இரண்டையும் பிரித்துக் காட்டாது. எஃகுக்குப் பதில் கோபால்ட்டே பெரும்பகுதியாக உள்ள கலவை அலகில்தான் ஒட்டாது.

படி 6: தினசரி பழக்கம்

நம் ஊர்க் கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு வெட்டுக்கு நடுவே காற்றில் 'கிச் கிச்' என்று கத்தரியைத் தட்டிக்கொண்டே இருப்பது. அப்பா, தாத்தா காலத்திலிருந்து வந்த தாளம் அது, கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் நடுவில் முடி இல்லாமல் மூடும்போது கடினமான வாய் கடினமான வாயில் நேரடியாக உரசுகிறது. மென்மையான எஃகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பவுடர் ஸ்டீலின் மெல்லிய வாய் நுண்ணிய பல் விழுந்து நிற்கும். என்னிடம் வருகிற கத்தரிகளில் அந்தத் தாளத்தை லென்ஸில் பார்க்கலாம்: வாயின் நடுப்பகுதியில், ஒரே இடத்தில், வரிசையாகக் குட்டிப் பள்ளங்கள். இந்தக் கத்தரியைக் கையில் எடுத்தால் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் மென்தோலாலோ மெல்லிய பருத்தித் துணியாலோ, முதுகிலிருந்து வாய்ப்பக்கம் துடையுங்கள். சாயம், ரீபாண்டிங் கிரீம் பட்டிருந்தால் அப்போதே நல்ல தண்ணீரில் அலசி உடனே உலர்த்துங்கள். கடற்கரை ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். அந்த உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகிலும் ஊசிமுனைக் குழிகள் போடும். பிளீச்சிங் கரைசலில் கத்தரியை ஊறவைப்பதும் அதேதான், ஐந்து நிமிஷம்கூட வேண்டாம். கிருமிநீக்கத்துக்கு 70% ஐசோபுரோபைல் ஆல்கஹால், அல்லது உலோகக் கருவிகளுக்கென்றே வரும் கரைசல், சொன்ன நேரத்துக்கு மட்டும்.

ராத்திரி கடை மூடுமுன் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒரு துளி எண்ணெய். திறந்து மூடித் துடைத்தால் கருப்பாக அழுக்கு வரும், அது வெளியேற வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளானால் பிசுபிசுத்து வெட்டிய முடித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் போதும். வாங்கும்போது கொடுக்கும் சிறு குப்பி தீர்ந்ததும் சலூனில் கைக்கு எட்டியதை ஊற்றுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது.

கிரானைட், டைல்ஸ் தரைமேல் நிற்கிற இடத்தில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கீழே விழுந்துவிட்டால், உடனே திறந்து மூடிச் சோதிக்காதீர்கள். நுனி வளைந்திருந்தால் அந்த ஒரு மூடலிலேயே எதிர் அலகில் கோடு கிழித்துவிடும். துணியில் சுற்றித் தீட்டுகிறவரிடம் கொடுங்கள். 62 கடினமுள்ள அலகைத் தட்டி நிமிர்த்தப் பார்த்தால் உடைந்துவிடும். அவர் கைப்பிடிப் பக்கம்தான் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்வார்.

படி 7: எப்போது தீட்டுவது, தீட்டித் திரும்ப வாங்கும்போது என்ன பார்ப்பது

இத்தனை மாதம் என்று ஒரே கணக்கு கிடையாது. அழுக்குமுடி, மண் படிந்த முடி, உலர்ந்த முடி எவ்வளவு வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழு நேரம் வேலை செய்கிறவருக்குப் பவுடர் ஸ்டீலில் ஏறக்குறைய ஒரு வருடம் வருவதை நான் பார்க்கிறேன், கவனமான கைகளில் இன்னும் கூட. நாலு வருஷம் சாணை வேண்டாம் என்பது எந்த எஃகுக்கும் பொருந்தாது. முடி மடிகிறது, ஸ்லைடு கட்டில் வாடிக்கையாளர் 'இழுக்குது' என்கிறார், கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால்தான் வெட்டுகிறது: இதில் ஒன்று வந்தாலும் கொடுத்துவிடுங்கள். கூர் போன கத்தரிக்காக ஸ்க்ரூவை இறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இறுக்கினால் சில நாள் வெட்டும், அதற்குள் உரசுகோடு அகன்றுவிடும், தீட்டும்போது இன்னும் நிறைய உலோகம் போகும்.

திரும்பி வந்ததும் கடையில் செய்த சோதனைகளையே செய்யுங்கள். கூடவே, வெளிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். வெளிச்சம் வாய்வரை வழுக்கிக்கொண்டு ஓடினால் குவிவு இருக்கிறது. ஓரிடத்தில் வெட்டுப்பட்டு நின்று, அங்கே தனியாக ஒரு பட்டை மின்னினால் குவிவு போய்விட்டது. உள்பக்கத்தில் பளபளப்பு உரசுகோட்டில் மட்டும் இருக்க வேண்டும், குழிவு முழுக்க இருந்தால் கேள்வி கேளுங்கள்.

அந்தத் தம்பியின் கத்தரியை நான்கு நாள் வைத்திருந்தேன். வெந்துபோன ஓரத்தை முழுக்க எடுத்தாக வேண்டியிருந்ததால் அலகின் அகலம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. உட்குழிவைத் தேய்த்தது தேய்த்ததுதான், உரசுகோட்டை நுனிப்பக்கம் மட்டும் ஓரளவு மீட்க முடிந்தது. ஈர டிஷ்யூவை நுனிவரை வெட்டியது. இன்னும் ஐந்தாறு முறை தீட்டத் தாங்கியிருக்க வேண்டிய கத்தரி, இனி இரண்டு முறை தாங்கும் என்று அவரிடம் சொல்லிக் கொடுத்தேன். பெட்டியின் மூடி உள்பக்கத்தில் தீட்டிய தேதியை எழுதினேன். அதன் கீழே அடுத்த தேதிகளுக்கு அவரே கோடு போட்டுக்கொண்டார்.